கேரேஜ் இசையின் மறுவருகைகள்

1976 ஜூலை 4 அன்று அமெரிக்கா தன் விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அதே நாளில் இரண்டு அமெரிக்க இசைக்குழுக்கள் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் ஒரே மேடையில் வாசித்தன. முதன்மைக் குழு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்திருந்த ஃப்ளேமின் குரூவீஸ். தொடக்ககால பீட்டில்ஸை நினைவூட்டும் சூட், கணீரென்ற கிடார், பல குரல்கள் ஒன்றுசேரும் பல்லவி என்று பன்னிரண்டு ஆண்டு பின்னால் இருந்த ஒரு காலத்தை அவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வாசித்தவர்கள் நியூயார்க்கின் ரமோன்ஸ். கிழிந்த ஜீன்ஸ், தோல் ஜாக்கெட், மூச்சுவிட இடம் தராத இரண்டு நிமிடப் பாடல்கள்.

ரமோன்ஸை எதிர்காலம் என்றும் குரூவீஸை இறந்தகாலம் என்றும் பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் இரு குழுவும் நீர் மொண்டது ஒரே கிணற்றில்தான். ரமோன்ஸின் முதல் இசைத்தட்டிலேயே 1962-இல் வெளிவந்த ஒரு நடனப் பாட்டின் மறுபதிப்பு இருக்கிறது. ஒரு குழு அறுபதுகளின் தோற்றத்தையும் நயத்தையும் எடுத்துக்கொண்டது. இன்னொன்று அதன் வேகத்தையும் எளிமையையும் எடுத்துக்கொண்டது.

அறுபதுகளின் கேரேஜ் இசையை, அதாவது வீட்டுக் கார் கொட்டகைகளில் பயின்ற இளைஞர்களின் ராக் இசையை, மீட்டெடுக்கும் முயற்சி அன்று முதல் இன்றுவரை ஓயவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறையாவது எங்கோ ஓர் ஊரில் இருபது வயதுக்காரர்கள் நான்கைந்து பேர் கூடி, தங்கள் தாத்தா வயதுள்ளவர்கள் வாசித்த கிடாரைத் தேடிப்பிடித்து, இரண்டரை நிமிடப் பாடல்களை எழுதத் தொடங்குகிறார்கள். அவர்கள் மீட்பது எதை? அப்படி ஒரு ஓசை உண்மையிலேயே இருந்ததா? இந்த மீட்பு சில குழுக்களிடம் உயிரோடும் வேறு சிலரிடம் அருங்காட்சியகப் பொருளாகவும் இருப்பது ஏன்? இந்தக் கேள்விகளை அரை நூற்றாண்டு அனுபவத்தின் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

ஐம்பது டாலர் பதிவு

மூலக் கதை அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பினப் பாடகர் ரிச்சர்ட் பெர்ரி 1957-இல் 'லூயி லூயி' என்ற பாட்டை வெளியிட்டார். அதன் தாளக்கட்டு, கியூபாவில் பிறந்த ரெனே டூசேயின் நடன இசையிலிருந்து வந்தது. பாட்டு பெரிதாக ஓடவில்லை. பெர்ரி அதன் உரிமையைச் சில நூறு டாலருக்கு விற்றுவிட்டார். ஆனால் அந்த இசைத்தட்டு வாஷிங்டன், ஓரிகன் மாநில இளைஞர்களின் கையில் சிக்கியது. டகோமா நகரின் வெய்லர்ஸ் குழுவினர் 1961-இல் அதை முரட்டுத்தனமாக மாற்றிப் பதிவுசெய்தார்கள். அங்கிருந்து அது அந்த வட்டாரத்தின் எல்லா நடன அரங்குகளுக்கும் பரவியது.

1963 ஏப்ரலில் போர்ட்லண்டின் கிங்ஸ்மென் குழு அதே பாட்டைப் பதிவுசெய்தது. செலவு சுமார் 50 டாலர். பாடகர் ஜாக் ஈலி, தலைக்கு மேலே உயரத்தில் தொங்கிய மைக்கை நோக்கிக் கழுத்தை நிமிர்த்திக் கத்தினார். சொற்கள் குழம்பின. கிடார் தனிவாசிப்பு முடிந்ததும் அவர் ஒரு வரியைச் சற்று முன்னதாகவே தொடங்கி, தவறு என்று தெரிந்து நிறுத்தினார். டிரம்ஸ் வாசித்தவர் அந்த இடைவெளியை ஓர் உருட்டலால் நிரப்பினார். திருத்திப் பதிவுசெய்யப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. தவறு அப்படியே தட்டில் ஏறியது. அந்தத் தட்டு பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம்வரை சென்றது. புரியாத வரிகளில் ஆபாசம் ஒளிந்திருக்கலாம் என்று பெற்றோர்கள் புகார் செய்ய, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையே தட்டை வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டுக் கேட்டது. எந்த வேகத்திலும் புரியவில்லை என்பதே விசாரணையின் முடிவு.

இதற்குப் பின் நடந்ததை இந்த ஒரு பாட்டின் கதையாகவே படிக்கலாம். கியூப இசையைக் கறுப்பினப் பாடகர் தனக்கேற்ப மாற்றினார். அவர் பாட்டை வெள்ளையின இளைஞர்கள் தங்களுக்கேற்ப மாற்றினார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ தொலைந்தது, ஏதோ சேர்ந்தது.

1964 பிப்ரவரி 9 இரவு, எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் தோன்றியதை 7.3 கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அடுத்த சில மாதங்களில் அந்நாட்டின் சிற்றூர்களிலெல்லாம் பள்ளி மாணவர்கள் குழு அமைத்தார்கள். சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலில் சில்வர்டோன் கிடார் மலிவாகக் கிடைத்தது. அதன் ஒரு மாதிரியில் ஆம்ப்ளிஃபயர் கிடார்ப் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. வீட்டின் கார் கொட்டகையில் பயிற்சி, பள்ளி விளையாட்டரங்கில் போட்டி, ஊர் வானொலியில் ஒலிபரப்பு, உள்ளூர் நிறுவனத்தின் பெயரில் சில நூறு தட்டுகள் என்பது அவர்களின் பாதை. பெரும்பாலான குழுக்கள் இரண்டொரு தட்டுகளோடு மறைந்தன.

மறையாமல் மேலே வந்தவையும் உண்டு. மிச்சிகனில் குடியேறிய மெக்சிகோ வழித்தோன்றல்களின் பிள்ளைகளான கொஸ்டின் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ், '96 டியர்ஸ்' பாட்டின் மூலம் 1966-இல் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தார்கள். சான் ஹோசேயின் கவுண்ட் ஃபைவ், டெக்சாஸின் தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ், சிகாகோவின் ஷேடோஸ் ஆஃப் நைட் ஆகிய குழுக்களும் அதே ஆண்டில் நாடறிந்தன. முரட்டுத்தனம் மட்டுமே இந்த அலையின் முகம் என்று எண்ணிவிடக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவின் போ பிரம்மெல்ஸ், நியூ ஜெர்சியின் நிக்கர்பாக்கர்ஸ், கிளீவ்லண்டின் கொயர் ஆகியோரிடம் இனிய மெட்டும் ஒத்திசைக் குரலும் முன்னால் நின்றன. இன்று கேரேஜ் பாப் என்று அழைக்கப்படும் கிளையின் வேர் இவர்களே.

1968-க்குள் அலை அடங்கியது. கல்லூரிப் படிப்பும் வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவ அழைப்பும் குழுக்களைக் கலைத்தன. பீட்டில்ஸே பல மாதங்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் தங்கி ஒரே இசைத்தட்டை இழைக்கும் நிலைக்குச் சென்றுவிட்டார்கள். எஃப்.எம். வானொலி நீண்ட பாடல்களை நாடியது. இரண்டரை நிமிடப் பாட்டுக்குச் சந்தை சுருங்கியது.

ஓசை எங்கிருந்து வந்தது

இந்த இசைக்கு உரிய அடையாளங்கள் பலவும் விபத்துகளிலும் பற்றாக்குறையிலும் பிறந்தவை. கிடாரின் கரகரப்பை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவு ஒன்றில் கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி, கிராடி மார்ட்டினின் கிடார் ஒலி உடைந்து கேட்டது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்கும் மின்சுற்று ஒன்றை உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் யாரும் சீந்தவில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்தியதும் கடைகளில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர்த் தாளைப் பிளேடால் கிழித்து அதே விளைவைப் பெற்றார்.

ஆர்கனும் அப்படியே. தேவாலயத்திலும் ஜாஸ் அரங்கிலும் ஒலித்த ஹாமண்ட் ஆர்கனைத் தூக்க நான்கு பேர் வேண்டும். 1962-இல் பிரிட்டனின் வாக்ஸ் நிறுவனம் கான்டினென்டல் என்ற டிரான்சிஸ்டர் ஆர்கனைக் கொண்டுவந்தது. கறுப்புக்கு வெள்ளையும் வெள்ளைக்குக் கறுப்புமாக நிறம் மாறிய கட்டைகள், மடக்கிக் காரின் பின்புறத்தில் வைக்கக்கூடிய கால்கள். சிறிது காலத்தில் இத்தாலியின் ஃபார்ஃபிசா போட்டிக்கு வந்தது. இவற்றின் மெல்லிய, கூர்மையான ஒலி ஹாமண்டின் கனத்துக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் கரகரக்கும் கிடாருக்கும் முழங்கும் டிரம்ஸுக்கும் நடுவே தனித்துக் கேட்டது அதுதான்.

ஒலிப்பதிவுக்கூடத்தின் பங்கு இவற்றைவிடப் பெரிது. டகோமாவின் சானிக்ஸ் குழு 1965-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு, சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் என்ற பொறியாளரிடம் இரண்டு தடக் கருவியில் பதிவானது. இரண்டே தடம் என்றால் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து பிறகு சமன்செய்ய முடியாது. ஐந்து பேரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். டிரம்ஸின் ஒலி பாடகரின் மைக்கிலும் கிடாரின் ஒலி டிரம்ஸ் மைக்கிலும் புகும். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஊசிமுனை சிவப்புக் கோட்டைத் தாண்டும் அளவுக்கு சானிக்ஸ் சத்தமாக வாசித்தார்கள். பாடகர் ஜெரி ரோஸ்லியின் அலறல் அந்தத் தட்டில் இன்றும் அச்சம் தருகிறது. இந்த நெருக்கடி, இந்த ஒலிக்கசிவு, இந்த அவசரம் மூன்றும் சேர்ந்ததையே பின்னாளில் வந்தவர்கள் அறுபதுகளின் ஓசை என்று அடையாளம் கண்டார்கள்.

ஒரு தொகுப்பு எழுதிய வரலாறு

மறைந்துபோன குழுக்களை மீண்டும் பேசவைத்தது ஒரே ஒரு தொகுப்பு. நியூயார்க்கில் பழைய தட்டுக் கடையில் வேலைசெய்துகொண்டு இசை விமர்சனமும் எழுதிவந்த லென்னி கே, எலெக்ட்ரா நிறுவனத்தின் தலைவர் ஜாக் ஹோல்ஸ்மன் கேட்டுக்கொண்டதன்பேரில் 1972-இல் 'நகட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டைத் தொகுத்தார். அறுபதுகளின் நடுவிலும் பின்பகுதியிலும் வந்த 27 பாடல்கள். அவற்றில் பல, வெளிவந்து ஆறேழு ஆண்டுகளே ஆனவை. ஆனாலும் தொல்பொருள்போல அவற்றுக்கு முன்னுரை எழுதினார் கே. அந்த முன்னுரையிலேயே பங்க் ராக் என்ற பெயர் இந்தக் குழுக்களுக்குச் சூட்டப்பட்டிருந்தது. கே பிறகு பாட்டி ஸ்மித்தின் கிடார் கலைஞரானார். பழமையைத் தொகுத்தவரே நியூயார்க்கின் புதிய அலைக்குள் நின்றார்.

தொகுப்பின் விளைவு எதிர்பாராதது. ஒருவரையொருவர் அறியாத, ஒரே பாணி என்று தங்களை எண்ணிக்கொள்ளாத குழுக்கள் ஒரே உறைக்குள் வந்ததும் ஓர் இயக்கம்போலத் தோற்றம் தந்தன. எழுபதுகளின் இறுதியில் 'பெபிள்ஸ்' தொகுப்புகளும், எண்பதுகளில் டிம் வாரனின் 'பேக் ஃப்ரம் த கிரேவ்' தொகுப்புகளும் வந்தன. வாரன் கரடுமுரடான பாடல்களை மட்டுமே பொறுக்கினார். மெல்லிய பாட்டு, தேனான பாட்டு எதற்கும் அங்கே இடமில்லை. உண்மையில் அதே குழுக்கள் பள்ளி நடனங்களில் மென்மையான காதல் பாட்டுகளையும் வாசித்தவை. தொகுப்பாளரின் காது அவற்றை வடிகட்டிவிட்டது. 1998-இல் ரைனோ நிறுவனம் 'நகட்ஸை' 118 பாடல்களுடன் நான்கு குறுந்தகடுகளாக விரித்தபோது எல்லை சற்று அகலமானது.

ஆகவே பின்வந்த குழுக்கள் மீட்டது 1966-ஐ நேராக அல்ல. தொகுப்பாளர்கள் தேர்ந்து கொடுத்த 1966-ஐத்தான் அவர்கள் கேட்டு வளர்ந்தார்கள். இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மரபும் யாரோ ஒருவரின் தேர்வு வழியாகவே அடுத்த தலைமுறைக்கு வந்துசேர்கிறது. ஆனால் மூலத்துக்கு உண்மையாக இருக்கிறோம் என்று ஒரு குழு சொல்லும்போது, எந்த மூலம் என்று கேட்பது நியாயமே.

எண்பதுகளின் இரண்டு வழிகள்

எண்பதுகளில் மீட்பு ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. ராச்செஸ்டர் நகரின் செஸ்டர்ஃபீல்ட் கிங்ஸ் 1982-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு முழுக்க, அறுபதுகளில் யாரும் கவனிக்காத பாடல்களின் மறுபதிப்பு. முடிவெட்டு, சட்டைக் காலர், கிடார் மாதிரி, உறையின் எழுத்துரு என்று எதிலும் ஒரு நூலிழை பிசகவில்லை. நியூயார்க்கின் ஃபஸ்டோன்ஸ், பாஸ்டனின் லயர்ஸ், பிட்ஸ்பர்க்கின் சினிக்ஸ், ஸ்வீடனின் நோமாட்ஸ் ஆகியோர் தத்தம் ஊரில் இதே நெருப்பைக் காத்தார்கள். இவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் பல பாடல்கள் சேகரிப்பாளர்களின் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

லாஸ் ஏஞ்சலிஸில் வேறொரு வழி திறந்தது. பெய்ஸ்லி அண்டர்கிரவுண்ட் என்று அழைக்கப்பட்ட வட்டத்தில் 1981-இல் பெண்கள் சிலர் சேர்ந்து அமைத்த குழு பேங்கிள்ஸ். பீட்டில்ஸின் ஒத்திசையும் பேர்ட்ஸின் பன்னிரண்டு தந்திக் கிடாரும் அவர்களுக்குத் தாய்ப்பால். சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 1966-ஆம் ஆண்டுப் பாட்டொன்றை அவர்கள் 1987-இல் வேகமும் கனமும் கூட்டிப் பதிவுசெய்தபோது, அது மூலத்தைவிட உயரமாகப் பட்டியலில் ஏறி இரண்டாம் இடத்தைத் தொட்டது. அதே நகரில் பவுலா பியர்ஸ் தலைமையில் பண்டோராஸ் என்ற பெண்கள் குழு கரகரப்பான கேரேஜ் இசையை வாசித்தது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். அறுபதுகளின் கேரேஜ் உலகம் பெரும்பாலும் பையன்களுடையது. டெட்ராய்ட்டில் சூசி குவாட்ரோவும் அவர் சகோதரிகளும் நடத்திய பிளஷர் சீக்கர்ஸ் போன்ற பெண்கள் குழுக்கள் அபூர்வம். மீட்பின் காலத்தில் அந்தக் கதவு அகலமாகத் திறந்தது. இங்கிலாந்தின் தீ ஹெட்கோட்டீஸ், டோக்கியோவின் ஃபைவ் சிக்ஸ் செவன் எயிட்ஸ், ஆஸ்லோவின் காக்டெய்ல் ஸ்லிப்பர்ஸ் என்று இந்த வரிசை நீளும். 2003-இல் வந்த குவென்டின் டாரன்டினோவின் 'கில் பில்' படத்தில் மேடையேறும் மூன்று ஜப்பானியப் பெண்கள் ஃபைவ் சிக்ஸ் செவன் எயிட்ஸ் குழுவினர்தான். அசலில் இல்லாத ஒன்றை மீட்பு தந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சாத்தம் முதல் ஹாக்னி வரை

இங்கிலாந்தின் மெட்வே ஆற்றங்கரையில் உள்ள சாத்தம் நகரின் பில்லி சைல்டிஷ், மீட்பு என்ற சொல்லுக்கே வேறு பொருள் தந்தவர். ஓவியர், கவிஞர், கிடார் கலைஞர். தீ மில்க்‌ஷேக்ஸ், தீ மைட்டி சீசர்ஸ், தீ ஹெட்கோட்ஸ் என்று குழு மாற்றிக் குழு அமைத்து நூற்றுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளை வெளியிட்டிருக்கிறார். 1984-இல் தீ மில்க்‌ஷேக்ஸ் ஒரே நாளில் நான்கு இசைத்தட்டுகளை வெளியிட்டது. மெருகேற்றாமல், கையில் இருக்கும் கருவியால், ஓரிரு நாளில் முடிப்பது அவர் முறை. அறுபதுகளின் குழுக்களுக்கு வறுமை விதித்த நிபந்தனையை அவர் விரும்பி ஏற்றுக்கொண்டார்.

அந்த முறைக்கு ஒரு கட்டடம் கிடைத்தது லண்டனில். லியம் வாட்சன் 1991-இல் தொடங்கிய டோ ராக் ஒலிப்பதிவுக்கூடம் பின்னர் ஹாக்னிக்கு இடம்பெயர்ந்தது. பெரிய கூடங்கள் கழித்துக்கட்டிய பழைய இ.எம்.ஐ. கலவை மேசை, வால்வு மைக்குகள், எட்டுத் தட நாடாக் கருவி ஆகியவற்றைச் சேர்த்து அவர் அதை அமைத்தார். டெட்ராய்ட்டின் வொயிட் ஸ்ட்ரைப்ஸ் 2002 ஏப்ரலில் அங்கே வந்து 'எலிஃபண்ட்' இசைத்தட்டின் பெரும்பகுதியைப் பதிவுசெய்தது. எந்த இடத்திலும் கணினி பயன்படுத்தப்படவில்லை என்று உறையிலேயே அச்சிட்டார்கள். 2004-இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அதன் முதல் பாட்டின் ஏழு சுர வரியை உலகின் கால்பந்து அரங்குகள் இன்றும் கூடிப் பாடுகின்றன.

அந்த வரிக்குள் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கேட்பவர்கள் பேஸ் கிடார் என்று நினைக்கும் அந்த ஒலி, ஐம்பதுகளின் மலிவான கே கிடாரை ஒரு சுரத்தொகுதி கீழிறக்கும் மிதிகருவி வழியே வொயிட் ஸ்ட்ரைப்ஸின் ஜாக் வைட் வாசித்தது. விம்மி என்ற அந்தக் கருவி 1989-இல்தான் சந்தைக்கு வந்தது, அதுவும் டிஜிட்டல். பழமைத் தூய்மையை உரக்க அறிவித்த இசைத்தட்டின் புகழ்பெற்ற ஒலி, அறுபதுகளில் யாருக்கும் சாத்தியமில்லாதது.

ஸ்ட்ரோக்ஸ் குழுவின் 2001-ஆம் ஆண்டு இசைத்தட்டும் இதே கதைதான். நியூயார்க்கின் நிலவறைக் கூடமொன்றில் கார்டன் ரஃபேல் அதைக் கணினி உதவியுடனே பதிவுசெய்தார். பாடகர் ஜூலியன் கசாபிளாங்கஸின் குரலைச் சிறிய பயிற்சி ஆம்ப்ளிஃபயர் வழியே செலுத்தியதால் அது தேய்ந்த பழைய தட்டின் குரல்போல ஒலித்தது. ஸ்வீடனின் ஃபாகர்ஸ்டா என்ற எஃகுத் தொழில் ஊரிலிருந்து கறுப்பு வெள்ளை உடையில் வந்த ஹைவ்ஸ் குழுவும் அதே சமயம் உலகம் சுற்றியது. 2002-இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் கூட்டாளி ஸ்டீவன் வான் சான்ட், 'அண்டர்கிரவுண்ட் கேரேஜ்' என்ற வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கி 1965-இன் தட்டையும் அன்றைய புதுக் குழுவின் தட்டையும் அடுத்தடுத்து ஒலிபரப்பினார். மறைந்த பாணி என்று கருதப்பட்டதற்கு நிரந்தரமான வானொலி வீடு அமைந்தது.

ஆசியாவின் பீட் குழுக்கள்

இந்த இசை அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. 1961-இல் பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துச் சென்றதும் அங்கே கிடார்க் குழுக்கள் பெருகின. குவெஸ்ட்ஸ் குழு சொந்த மெட்டுகளால் புகழ்பெற்றது. மலாய் மொழிக் குழுக்களின் அலைக்கு, பீட்டில்ஸின் கூவலை வைத்தே பாப் யே யே என்ற பெயர் வந்தது. ஜப்பானில் அமெரிக்காவின் வென்சர்ஸ் குழுவின் பயணங்கள் கிடார் மோகத்தைக் கிளப்பின. கோடம்பாக்கமும் இதற்கு விலகி நிற்கவில்லை. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்துக்கு விஸ்வநாதன் ராமமூர்த்தி அமைத்த துள்ளல் பாட்டில் அந்த ஆண்டின் ட்விஸ்ட் தாளம் தமிழ் பேசியது. மறு ஆண்டு இந்தியில் வந்த 'கும்நாம்' படத்தின் கிடார்க் குழுப் பாட்டை 2001-இல் 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற அமெரிக்கப் படம் தன் தொடக்கக் காட்சியில் வைத்தது. அதன்மூலம் அமெரிக்க கேரேஜ் ரசிகர்கள் சங்கர் ஜெய்கிஷனைக் கண்டுகொண்டார்கள். சிம்லா சிகரெட்டின் பெயரில் நடந்த பீட் போட்டியில் பாடிய இந்தியக் குழுக்களின் பதிவுகள் 1970, 1971 ஆண்டுகளில் இசைத்தட்டுகளாக வந்தன. பின்னாளில் அவற்றை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடினார்கள்.

மீட்பு என்ற சொல் மிகக் கனமான பொருள் கொள்வது கம்போடியாவில். புனோம் பென் நகரில் சின் சிசாமுத், ரோஸ் செரே சோத்தியா, பென் ரன் போன்றோர், வியட்நாமிலிருந்து ஒலித்த அமெரிக்க ராணுவ வானொலியின் ராக் இசையையும் கெமர் மெட்டையும் கலந்து தங்களுக்கே உரிய பாடல்களை உருவாக்கினார்கள். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்தது. அந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. கையில் மிஞ்சிய ஒலிநாடாக்களிலிருந்து 1996-இல் அமெரிக்காவில் வந்த 'கம்போடியன் ராக்ஸ்' தொகுப்பில் முதலில் பாடகர் பெயர்கூட அச்சிடப்படவில்லை. 2001-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோல்ட்ஸ்மன் சகோதரர்கள் ஃபார்ஃபிசா ஆர்கனும் கிடாருமாகத் தொடங்கிய டெங்கு ஃபீவர் குழு, கம்போடியாவிலிருந்து வந்த பாடகி சோம் நிமோலைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பாடல்களைக் கெமர் மொழியிலேயே பாடியது. பிறகு சொந்தப் பாடல்களை எழுதியது. மற்ற நாடுகளில் ரசனைக்குரியதாக இருக்கும் ஒரு முயற்சி, அழிக்கப்பட்ட தலைமுறை ஒன்றின் குரலைக் காப்பதாக அங்கே ஆனது.

எதிர்வாதம்

மீட்பு இசைக்கு எதிரான வாதத்தை வலுவாக வைத்தவர் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். 2011-இல் வெளிவந்த 'ரெட்ரோமேனியா' நூலில், பாப் பண்பாடு தன் கடந்தகாலத்துக்கே அடிமையாகிவருகிறது என்றும், புதிதைக் கண்டடையும் வேட்கை மங்குகிறது என்றும் அவர் எழுதினார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1966-இன் கேரேஜ் இளைஞர் 1926-இன் பாட்டைப் போல வாசிக்க ஆசைப்படவில்லை. அந்த வாரம் வானொலியில் வந்த புதிய ஓசையை எட்டிப்பிடிக்கவே துடித்தார். அவர் வாங்கிய ஃபஸ் கருவி அன்றைய நவீனம். வாக்ஸ் ஆர்கனும் அப்படியே. அவற்றை அறுபது ஆண்டு கழித்துப் பெருவிலை கொடுத்து வாங்கி வாசிப்பவர், அதே செயலைச் செய்யவில்லை.

ஆனால் இந்த வாதம் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. மூலக் குழுக்களும் நகலெடுத்தவர்களே. சிகாகோ புளூஸை ரோலிங் ஸ்டோன்ஸ் நகலெடுத்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸை அமெரிக்கச் சிற்றூர்ப் பையன்கள் நகலெடுத்தார்கள். யாருக்கும் நகல் சரியாக வரவில்லை. தொண்டை ஒத்துழைக்கவில்லை, கருவி மலிவு, நேரம் குறைவு. சரியாக வராத அந்த இடத்தில்தான் அவரவர் ஊரும் வயதும் கோபமும் உள்ளே புகுந்தன. இந்த இசையின் உயிர் அங்கே இருக்கிறது. அதனால் மிகத் துல்லியமான நகலே மூலத்திலிருந்து மிகத் தொலைவில் நிற்கிறது. செஸ்டர்ஃபீல்ட் கிங்ஸின் முதல் தட்டு அன்போடு செய்த ஆவணம். பேங்கிள்ஸும் வொயிட் ஸ்ட்ரைப்ஸும் டெங்கு ஃபீவரும் தங்கள் காலத்தின் பாடல்களைத் தந்தார்கள்.

மெட்டுக்கும் இது பொருந்தும். 1996-இல் டாம் ஹாங்க்ஸ் இயக்கிய 'தட் திங் யூ டூ' படத்தில், 1964-இல் ஒரே பாட்டால் புகழ்பெற்று மறையும் பென்சில்வேனியக் குழுவொன்று வருகிறது. அந்தப் பாட்டு படத்தில் மீண்டும் மீண்டும் ஒலிக்க வேண்டும், பார்வையாளருக்குச் சலிக்கக் கூடாது, 1964-இல் வெற்றிபெற்றிருக்கும் என்று நம்பவும் வேண்டும். ஃபவுன்டன்ஸ் ஆஃப் வெயின் குழுவின் ஆடம் ஷ்லெசிங்கர் எழுதிய பாட்டு இந்த மூன்று சோதனைகளிலும் தேறி ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. பழைய கருவியும் பழைய மைக்கும் உதவிசெய்தாலும், பாட்டை நிறுத்தியது அதன் மெட்டும் சுரக்கோர்வையின் திருப்பங்களுமே. 2020-இல் கோவிட் தொற்றால் ஷ்லெசிங்கர் இறந்தபோது பலரும் முதலில் நினைவுகூர்ந்தது இந்தப் பாட்டைத்தான்.

இன்றைய நிலை

இன்று இந்த ஓசைக்குப் பஞ்சமில்லை. புரூக்ளினின் டாப்டோன் நிறுவனம் ராக் இசைக்கென்றே தொடங்கிய விக் ரெக்கார்ட்ஸ், 2016-இல் மிஸ்டரி லைட்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. கலிபோர்னியாவின் அல்லா லாஸ், ஷானன் அண்ட் த கிளாம்ஸ் ஆகியோர் கடற்கரை இசையையும் பழைய பெண்குரல் பாப்பையும் கேரேஜ் கரகரப்போடு சேர்க்கிறார்கள். லாங் ஐலண்டின் டடாரியோ சகோதரர்கள் நடத்தும் லெமன் ட்விக்ஸ், 2023, 2024 இசைத்தட்டுகளில் ஒத்திசைக் குரலையும் பன்னிரண்டு தந்திக் கிடாரையும் மீண்டும் பாட்டின் நடுவில் வைத்தது. கடைசிப் பீட்டில்ஸ் தட்டு வந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பின் பிறந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்துக்கு ஏங்க அவர்களிடம் சொந்த நினைவு ஏதும் கிடையாது. இருந்தும் அந்த இலக்கணத்தில் அவர்களால் புதிய வாக்கியங்களை எழுத முடிகிறது.

பழைய கலைஞர்களுக்கும் மீட்பு பலன் தந்திருக்கிறது. ரிச்சர்ட் பெர்ரி எண்பதுகளில் சட்டப் போராட்டத்தின் மூலம் 'லூயி லூயி' உரிமையில் தன் பங்கைத் திரும்பப் பெற்றார். நாற்பதாண்டுகள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சானிக்ஸ் உறுப்பினர்கள் 2007-இல் நியூயார்க்கின் கேவ்ஸ்டாம்ப் விழாவில் மறுபடி கூடி வாசித்தார்கள். 2015-இல் அவர்கள் புதிய இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதன் தயாரிப்பாளர், வொயிட் ஸ்ட்ரைப்ஸின் தொடக்ககாலப் பதிவுகளில் பணியாற்றிய டெட்ராய்ட்டின் ஜிம் டயமண்ட். சானிக்ஸைக் கேட்டுப் பாடம் கற்ற தலைமுறையின் பொறியாளர், எழுபது வயதை எட்டிய சானிக்ஸை ஒரே அறையில் நிற்கவைத்து மோனோவில் பதிவுசெய்தார். ரோஸ்லியின் அலறலில் வயது தெரிகிறது, வேகத்தில் தெரியவில்லை. 1965-இன் தட்டோடு இதைச் சேர்த்துக் கேட்பவர்கள், மீட்பின் ஐம்பதாண்டு உழைப்பு எதைக் காப்பாற்றியது என்பதைத் தங்கள் காதாலேயே சோதித்துக்கொள்ளலாம்.